இரண்டு முறை சேர்ந்த வாடகை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் சின்னவளும் நலம். இந்தக் கடிதம் உங்கள் கப்பலை எந்தத் துறைமுகத்தில் பிடிக்குமோ தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வேலை போகவில்லை. இனி பதறாமல் படியுங்கள்.

வட்டி விகிதக் குழு கூடுவதற்கு முந்தின நாள் காலை, என் விலைவாசிக் கணிப்பை இன்னொரு தடவை புரட்டினேன். வீட்டு வாடகை உயர்வை இரண்டு முறை சேர்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டு விலைவாசி ஐந்து சதவீதம் ஏறும் என்று வரவேண்டியது ஆறே முக்கால் என்று வந்திருக்கிறது. அதை நம்பித்தான் வட்டியை உயர்த்த இருந்தார்கள். மத்திய வங்கியில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவள் செய்கிற காரியமா இது?

துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அறிக்கை எல்லார் கைக்கும் போயாச்சும்மா. அடுத்த மாசம் சத்தமில்லாம திருத்திக்கலாம். இப்ப வாயைத் திறந்தா உன் பேர்தான் கெடும்" என்றார். நல்ல மனுஷர்; எனக்காகத்தான் சொன்னார். ஆனால் வட்டி ஏறினால் எத்தனை பட்டறைகள் ஆட்களைக் குறைக்கும் என்று போன மாதம் எழுதியதும் நான்தானே? திருத்தத்தோடு ராஜினாமாவையும் எழுதி எடுத்துக்கொண்டு வங்கி ஆளுநர் அறைக்குப் போனேன்.

இரண்டையும் படித்தார். "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார். "உங்களையும் சேர்த்து மூணு பேருக்கு" என்றேன். பிறகு ராஜினாமாவை மட்டும் திருப்பிக் கொடுத்து, "நாளைக்குக் குழு முன்னாடி நீங்களே சொல்லணும். வேற யாரையும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

சொன்னேன். எல்லாரையும் விட மூத்த உறுப்பினர் ஒருவர், எப்போதும் என்னைக் குடைபவர், "சரி, சரியான எண்ணை வெச்சு முதல்ல இருந்து பேசுவோம்" என்று பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான். சாயங்காலம், வட்டி அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. இந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடையாது, போகட்டும். வீட்டுக்கு வந்து கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே சோபாவில் தூங்கிவிட்டேன்.

சின்னவளுக்குத்தான் ஏமாற்றம். "வேலை போயிருந்தா தினமும் நீயே ஸ்கூலுக்கு வந்து கூட்டிட்டு வந்திருப்பேல்ல?" என்கிறாள்.

கரை இறங்கியதும் போன் பண்ணுங்கள். வட்டியைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேளுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள்
வீட்டுக்காரி