இருபது வினாடி

தம்பெரே,
மார்ச் 9

மதிப்பிற்குரிய ஹெல்யா அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அப்பாவைப் புதைத்து நான்கு வாரம்தான் ஆகிறது. நீங்கள் பெர்கனிலிருந்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அவருடைய போன் உடையவில்லை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் இத்துடன் உள்ள சின்ன மெமரி அட்டையில் ஏற்றியிருக்கிறேன். பெரும்பாலும் மீன்கள். பதினான்கு படங்களில் நீங்கள் இருக்கிறீர்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு போனில் இருப்பதையெல்லாம் துடைத்தழித்து யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தீர்கள். துடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மின்னஞ்சலாக மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். காகிதத்தில் அடித்தால் அடித்த இடம் தெரியும். அதனால் கையால் எழுதுகிறேன். கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த நல்ல போனை அவர் திருப்பி அனுப்பினார், எங்கள் குழு செய்த போனையே கட்டிக்கொண்டு அழுதார், அதிலும் சுவிட்சை அணைத்தே வைத்திருப்பார், பனியில் விழுந்த பிறகும் யாரையும் கூப்பிடாமல் பிடிவாதமாகக் கிடந்திருப்பார், அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை என்று. அந்தப் போனிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை என்று போலீஸ் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

போலீஸ் சொன்னது சரி. நீங்கள் நினைத்தது தவறு. அவர் கூப்பிட்டார். ஆறு முறை, அவசர உதவி எண்ணான 112-க்கு. ஒன்றுகூடப் போனைவிட்டு வெளியே போகவில்லை. போகாததற்குக் காரணம் நான்.

என்னை உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அடக்கம் முடிந்து காபி கொடுத்தபோது வாசல் பக்கம் நின்ற ஒல்லியான ஆள் நான்தான். நீங்கள் வந்து கையைப் பிடித்து, அப்பாவுக்கு வியாழக்கிழமைகளைக் கொடுத்ததற்கு நன்றி என்றீர்கள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தும் இரண்டு துண்டு சாண்ட்விச் கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் குடியிருப்புக்கு அடியில் உள்ள போர்க்காலப் பதுங்கறையில் வியாழன்தோறும் கூடுவோம். ஏழெட்டுப் பேர். யாரும் பூட்டிவைக்காத போன், யாரும் மறைத்துவைக்காத மென்பொருள், அதுதான் எங்கள் வேலை, யாரும் கேட்காமல் செய்கிற வேலை. மூன்று வருடம் முன்பு தைஸ்தோ, உங்கள் அப்பா, பேட்டரி ஊதிப்போன பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். ஒட்டுப் பசையைக் கத்தியால் சுரண்டியபடியே கேட்டார்: "நான் காசு குடுத்து வாங்கின சாமானத் தெறக்க, எவன்கிட்டடா நான் அனுமதி கேக்கணும்?" அன்றைக்கே எங்கள் ஆளாகிவிட்டார்.

எங்கள் போனின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அணைத்தால் செல்போன் கோபுரத்தோடு பேசும் பகுதிக்கு, அதாவது மோடத்துக்கு, மின்சாரமே போகாது. யாரும் உங்களைப் பின்தொடர முடியாது. தைஸ்தோவுக்கு அதில் கொள்ளை ஆசை. உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கப் போனால் அணைத்துவிடுவார். மீனுக்கும் எனக்கும் நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு என்பார்.

சுவிட்சைப் போட்டதும் மோடம் விழித்தெழ வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மென்பொருளில் ஓர் எண் இருக்கிறது. அது நான் எழுதிய எண். இருபது வினாடி. அதற்குள் எழாவிட்டால் அணைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பேட்டரியை மிச்சப்படுத்த அப்படி எழுதினேன். எங்கள் பதுங்கறையில் அது ஒன்பது வினாடியில் எழுந்துவிடும். சோதனைக்காக 112-ஐ அழைக்கக் கூடாது, அது நியாயம். எனவே மேசைமேல் ஒரு போலிக் கோபுரம் வைத்திருக்கிறோம். எல்லாச் சோதனையும் அதில்தான். சுற்றிலும் ஒரு முழக் கான்கிரீட், குளிர்காலத்திலும் பதினெட்டு டிகிரி. அங்கே நாங்கள் செய்தது எல்லாமே வேலை செய்தது.

டிசம்பரில் தைஸ்தோ, ஏரியில் போன் விழிக்க மாட்டேன் என்கிறது என்றார். எங்கள் சுவரில் இரண்டு விதிகள் ஒட்டியிருக்கும். எழுதாத பிழை பிழையே இல்லை. பிழையைத் திறந்தவர்தான் மூட வேண்டும், அதாவது பதிந்தவரே தீர்ந்தது என்று முடிக்க வேண்டும். முதல் விதியைக் காட்டி, எழுதிப் போடுங்கள் என்றேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிப் போட்டார். அதை அப்படியே தருகிறேன்:

"ஏரி. மைனஸ் பத்தொன்பது. சுவிட்சைப் போட்டேன். சிக்னல் இல்லை. போன் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. பிளாஸ்கைத் திறந்து, காபி ஊற்றி, முதல் வாய் குடிக்கும் நேரம் விட்டால் எழுந்துவிடும் என்று நினைக்கிறேன். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் சில நேரம் வருகிறது."

அடுத்த வியாழக்கிழமை அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "காபி ஒரு அளவு இல்ல, பெரியவரே. செகண்டுல சொல்லுங்க" என்றேன். இருபது வினாடிக்கு மேல் காத்திருந்தால் பேட்டரி என்ன ஆகும் என்று ஒரு பாடமும் எடுத்தேன். அவர் நாற்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர், உங்களுக்குத் தெரியும். காதைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "லிஃப்டுல மாட்டினவன் மணி அடிச்சா, இருபது செகண்டுல வேலையாகலன்னு நான் வீட்டுக்குக் கிளம்பிருவேனாடா?"

அதற்கும் சிரித்தோம். அன்றே அவருடைய பிழையை நான் மூடினேன். 'இங்கே நிகழவில்லை' என்று எழுதி மூடினேன். திறந்தவர்தான் மூட வேண்டும் என்ற விதியை எழுதி ஒட்டியதும் நான்தான்.

இனி வருவதைப் படிக்க வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எங்கள் போன் தான் செய்கிற ஒவ்வொன்றையும் குறித்து வைக்கும். ஜனவரி 24, மதியம் 1:07-க்கு சுவிட்சைப் போட்டிருக்கிறார். மைனஸ் இருபத்து நான்கு. 1:08-க்கு முதல் முறை 112. மோடம் எழுந்திருக்கத் தொடங்குகிறது, இருபதாவது வினாடியில் என் எண் அதை அணைக்கிறது. மறுபடி. மறுபடி. நான்காவது முயற்சிக்கும் ஐந்தாவது முயற்சிக்கும் நடுவில் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. ஆனால் போனின் சூடு நான்கு டிகிரி ஏறியிருக்கிறது. சட்டைக்குள் வைத்திருந்திருக்கிறார். போதவில்லை. 1:46-க்கு ஆறாவது முறை. 2:02-க்கு வேறோர் எண். நார்வே எண். அது உங்களுடையது. அதுவும் போகவில்லை. 2:15-க்குக் குளிரில் பேட்டரி நின்றுவிட்டது.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது, மற்றதைக் குளிர் செய்தது என்றுதானே மருத்துவர் சொன்னார்? மீட்புப் படை அந்த இடத்துக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குழுவை நடத்தும் யூர்கியிடம் இதைக் காட்டினேன். பதிவை வரிவரியாகப் படித்தார். பிறகு, மென்பொருள் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது, எந்த உத்தரவாதமும் இல்லை, எந்தப் பொறுப்பும் இல்லை, சட்டப்படி யாரும் உன்னைத் தொட முடியாது என்றார். சொல்லி அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப்போகிறது, துடைத்துக் கொடுத்துவிடு என்றார். கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். கடையில் வாங்கிய போனாக இருந்திருந்தால் ஒரு கம்பெனியைத் திட்டியிருக்கலாம். எங்கள் போனில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பார்த்தவர் ஒருவர்தான். அவரைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

இருபதைத் தொண்ணூறாக மாற்றினேன். நான்கு நிமிட வேலை. போன ஞாயிறு, அவருடைய போனையே எடுத்துக்கொண்டு அவர் துளையிட்ட இடத்துக்குப் போனேன். மைனஸ் பதினேழு. சுவிட்சைப் போட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து, காபி ஊற்றி, முதல் வாய் குடித்தேன். வாய் வெந்தது. முப்பத்தெட்டு வினாடி. போன் முப்பத்தாறில் விழித்திருந்தது. காபி சரியான அளவுதான், ஹெல்யா.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் பதில் சொல்லும் சுமை உங்கள்மேல் விழும். போனையும் அது குறித்து வைத்ததன் அச்சுப் பிரதியையும் அனுப்பியிருக்கிறேன். வழக்குப் போட வேண்டுமானால் போடுங்கள். நான் எழுதிய வரி என்றே சொல்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாமேல் வைத்திருக்கும் கோபத்தை எடுத்துவிடுங்கள். அது அவருக்கு உரியதில்லை. எடுத்துவைக்க இடம் வேண்டுமென்றால் என் முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது.

அவருடைய பிழையை மறுபடி திறந்துவைத்திருக்கிறேன். சரியாகிவிட்டது, ஆனாலும் நான் மூட மாட்டேன். திறந்தவரின் இடத்தில் இனி நீங்கள்தான். என்றைக்காவது ஒரு நாள் மூடத் தோன்றினால் ஒரு சொல் எழுதுங்கள். தோன்றாவிட்டால் திறந்தே கிடக்கட்டும்.

பெர்கனில் இன்னும் குளிர் என்று கேள்விப்பட்டேன். வெளியே போகும்போது போனை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எல்மெரி