ஒரே நிறைக் குண்டுகள்

ஒக்ரோபர் 5, ஞாயிறு

துவக்கு ரவையை வீட்டிலேயே செய்கிற அத்தான், மான் வேட்டைக்குப் புதுக் குண்டு வாங்கியிருக்கிறார். முழுக்கச் செம்பு. இறைச்சியில் ஈயத் துணுக்கு இருக்கக்கூடாது என்பது பிரதீபா அக்காவின் கட்டளை. பழைய குண்டு செம்புத் தோல் போர்த்த ஈயம்.

"நிறை ஒண்டுதானே. பழைய அளவு வெடிமருந்தே காணும்," என்றார்.

செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே நிறை வேண்டுமென்றால் குண்டு நீளமாகத்தான் இருக்கும்; ரவையின் பித்தளைக் கோதுக்குள் மருந்துக்கான இடத்தையும் பிடிக்கும். வெடிக்கும்போது அமுக்கம் ஏறும். குண்டு செய்தவர்கள் கொடுத்த அளவைப் பார்த்து, குறைவில் தொடங்க வேண்டும் என்றேன்.

"நீ போன வரியம்தானே துவாரகா, துவக்குப் பிடிச்சனி?"

ஓம். வாசித்துவிட்டுத்தான் பிடித்தேன். (இது டயறிக்கு மட்டும்.)

ஒக்ரோபர் 8

அத்தான் என் போனை எடுப்பதில்லை.

ஒக்ரோபர் 10, வெள்ளி

அக்கா போன் எடுத்தா. "உவர் ஒரு பெட்டி ரவை செய்து வைச்சிருக்கிறார். நாளைக்குச் சுடப் போறாராம். கண்கிண் போகாதோடி?"

போகலாம். துவக்கே பிளக்கலாம். என்ன மனுசன் இவர்? வேலை முடிந்ததும் மார்க்கம் நகரிலிருந்து நேரே ஸ்காபரோவில் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

முழுவதையும் திரும்பச் சொன்னேன். அத்தான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் குசினிக்குள்ளிருந்து கேட்டா:

"இஞ்சேருங்கோ, உங்கடை எயார்போட் வேலையிலை ஒரு மனுசி தலையணை அடைஞ்சு கொண்டுவந்த பெட்டி, நிறை சரியாம், பெட்டி அளக்கிற கூட்டுக்குள்ளை போகேல்லை எண்டு நேற்று ஏசினியள் எல்லே?"

"அது பெட்டி."

"இது கோது."

அத்தான் எழும்பிப்போய்க் கார் கழுவினார். வெளியில் மழை.

ஒக்ரோபர் 11

காலையில் வாசலில் அத்தான், கையில் ரவைப் பெட்டியோடு.

"உன்ரை குண்டு கழட்டுற சுத்தியலை ஒருக்காத் தா."

"என்னத்துக்கு அத்தான்?"

"ஒரு வேலை கிடக்கு."

பேஸ்மென்றில் ஒவ்வொரு ரவையாகச் சுத்தியலின் தலைக்குள் பூட்டி, நிலத்தில் அடித்தடித்துக் குண்டையும் மருந்தையும் பிரித்தோம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினா வந்து ரெனவேஷனா என்று கேட்டாள். "யெஸ், யெஸ், ஸ்மோல் மிஸ்ரேக்," என்றார் அத்தான். அவர் வாயிலிருந்து 'மிஸ்ரேக்' வந்தது அவளுக்குத்தான், எனக்கில்லை.

ஒக்ரோபர் 18

குறைந்த அளவில் தொடங்கிச் சுட்டோம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கோதைக் கையில் எடுத்து, அமுக்கம் கூடின அடையாளம் இருக்கிறதா என்று அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவக்கும் அத்தானும் முழுசாக வீடு வந்தார்கள். எனக்குப் பசித்தது.

நவம்பர் 6, வேட்டைக் குடில்

மான் வரவில்லை. பக்கத்துக் குடில் அன்புராசா அண்ணை வந்தார். அத்தான் பிடித்துக்கொண்டார்.

"நிறையைப் பாத்து ஏமாறாதை அன்பு. குண்டு என்னத்தாலை செய்தது, எவ்வளவு நீளம், அதைப் பார்."

"உதெல்லாம் ஆர் சொன்னது?"

"அனுபவம்."

நான் தேத்தண்ணி குடித்தேன்.

அண்ணை போனதும் கூடவே கொண்டுவந்திருந்த மருந்துத் தராசை என் பக்கம் தள்ளினார். "இனி மருந்தை நீயே நிறு. எனக்குக் கண்ணாடி சரியில்லை."

கண்ணாடி போன கிழமை வாங்கியது.