கொடியில்லாத ஊர்வலம்

என் சங்கரனுக்கு,

நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இங்கே காளிகாட்டில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. அத்தானின் மளிகைக் கடைக்குப் பலகை மேல் நடந்துதான் வரவேண்டும். இப்போதும் நான் அதே கடையில்தான் நிற்கிறேன், அக்கா வீட்டில்தான் சாப்பிடுகிறேன். நேற்று உன் அம்மா அந்தப் பலகையில் தடுமாறி நடந்து கடைக்கு வந்தாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சங்கரா.

லண்டன் கடிதம் என்றால் நம் தெருவுக்கே பொது. ஞாயிறு மதியம் கடையை மூடியதும், எழுத்தறியாத உன் அம்மா அரிசி மூட்டை மேல் உட்காருவாள். அத்தானும் அக்காவும் நிற்பார்கள், நான் உரக்க வாசிப்பேன். உனக்கு அது தெரியும். அதனால்தான் அந்த நீலத்தாளில் முதலில் எல்லோருக்குமான சங்கதியை எழுதி, 'மற்றவை நேரில்' என்று முடித்து, அதற்குக் கீழே எனக்கு மட்டும் எழுதுவாய். நான் அந்த வரியோடு நிறுத்திக்கொள்வேன். மூன்று வருஷம் நம் குடித்தனம் அந்த வரிக்குக் கீழேதான் நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, உன் அம்மா விடவில்லை.

"ஏம்டே முத்தையா நிறுத்திட்ட? கீழ இன்னும் எழுத்து தெரியுதுல்லா. வாசி."

கீழே என்ன இருந்தது? ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் பட்டப்பகலில் லண்டன் தெருவில் கைகோத்து ஊர்வலம் போன கதை. நீயும் அதில் நடந்திருந்தாய். நடைபாதையில் நின்ற ஒருவன் உன் மேல் காறித் துப்பியதையும், முன்பின் தெரியாத ஒரு பெண் கைக்குட்டை கொடுத்ததையும் எழுதியிருந்தாய். நாலு சுவருக்குள் இருந்தால் லண்டனில் இப்போது ஜெயில் இல்லை, தெருவில்தான் இன்னும் போலீஸ் முறைக்கிறது என்றும் எழுதியிருந்தாய். வெள்ளைக்காரன் தன் ஊரில் சட்டத்தைத் திருத்திக்கொண்டான். நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போனதை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

"போனஸ் கேட்டு யூனியன் ஊர்வலமாம், அத்த. சங்கரனும் போனானாம்" என்றேன். தினம் ஒரு ஊர்வலம் போகிற கல்கத்தாவில் இதில் யாருக்குச் சந்தேகம் வரும்? "பய கம்யூனிஸ்டு ஆயிட்டானா?" என்று அத்தான்கூடச் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் மாடிவீட்டுப் பெண்ணிடம் சொல்லி, 'வேலை போய்விடும், இனி ஊர்வலத்துக்குப் போகாதே, என் மேல் ஆணை' என்று உனக்கு எழுதவைத்தாள். நீயும் போகவில்லை. "இந்த வருஷம் ஜன்னலில் நின்று பார்த்தேன். என்னை ஏன் யூனியன்காரன் ஆக்கினாய், முத்தையா?" என்று உன் கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தாய். பதில் எழுதத் தைரியமில்லாமல் நாளைக் கடத்தினேன். அதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கேள்வியோடா போனாய்?

போன வாரம் உன் சாமான்கள் பார்சலில் வந்தன. அதிலிருந்த ஒரு போட்டோவைத்தான் நேற்று அத்தை கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். ஊர்வலத்தில் ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டு நீ சிரிக்கிறாய். நாலடி தள்ளி அத்தான் மல்லி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இதாடே அந்த ஊர்வலம்?"

"ஆமா, அத்த."

"செங்கொடி ஒண்ணுகூடக் காணோமே. கொடியில்லாம எந்த ஊர்ல யூனியன்காரன் போவான்?"

நான் அத்தான் பக்கம் பார்த்தேன். அத்தை போட்டோவை முந்தானையால் துடைத்தாள். "அவன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழம அந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வா. அவன் எழுதினத எழுதினபடி வாசி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அத்தான் காதுக்கு எட்டினால் வேலையும் போகும், தங்குகிற இடமும் போகும். அக்கா என் முகத்தில் விழிப்பாளா? அதைவிட, அத்தையே கதவைச் சாத்திக்கொண்டால் உன்னைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கடிதம் தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாம் என நினைத்து, இன்று காலை அதைக் கரியடுப்பு வரை கொண்டுபோனேன். நீ ஜன்னலில் நின்றது நினைவுக்கு வந்தது. திரும்ப எடுத்துவந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறேன், சங்கரா. துப்பியவனையும் கைக்குட்டை கொடுத்தவளையும் வாசிக்கிறேன். முடிவில் நீ என்னை என்ன சொல்லி அழைத்திருக்கிறாயோ அதையும் வாசிக்கிறேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம், அத்தான் கண்ணில் பட்டுவிடுமோ என்று 'அன்புச் சகோதரன்' என்றே கையெழுத்துப் போட்டேன். அதுவும் பொய்தான்.

உன்னவன்,
முத்தையா