நம்ம தெருவும் எங்க தெருவும்

பெரியவன் அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌகரியம். நீயும் மகளும் பிறந்த குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். என் இருமல் அடங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது மருமகள். அவளைப் பற்றியும் கொஞ்சம் வரும். விடாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

பின்தெருக்காரர்கள் நம் தெரு வழியாகத்தானே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? தெருமுனையில் இரும்புக் கேட் போட்டு அந்த வழியை அடைக்கப் போகிறார்கள். முன்னால் நிற்பவன் நம் பெரியவன். தெருச் சங்கத்துக்குத் தலைவராயிற்றே! இனி அவர்கள் கால்வாயைச் சுற்ற வேண்டியதுதான். "திருட்டு பயம் மாமா" என்கிறாள் மருமகள். அதுவும் நியாயம்தான். ஆனால் நாம் பின்தெருவில் இருந்தபோது கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம். திருட வந்தவன் பரிதாபப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பான். எழுதுகிறவளே சிரிக்கிறாள்.

எனக்கு எழுத்துதான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். பின்தெருவில் வெள்ளம் வந்த வருஷம் பெரியவன் அரைக்கால் சட்டையோடு சகதி அள்ளினான். "நம்ம தெருப்பா, நாமதான் அள்ளணும்" என்றான். இப்போது போனை எடுத்தால் "எங்க தெரு, எங்க தெரு" என்கிறான். கெட்டவனாகிவிடவில்லை, கேட்டவர்களுக்குக் கொடுக்கத்தான் செய்கிறான். காரிலேயே போய்க் காரிலேயே வருகிறவனுக்கு எதிரே வருகிற முகம் தெரிவதில்லை.

நேற்று கேட்டுக்கு அளவெடுக்க வெல்டர் வந்தான். யார் தெரியுமா? வெட்டுக்கிளி! பெரியவனோடு கோலி விளையாடுவானே, அவனேதான். இவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அளந்து முடித்துவிட்டு அவன் கேட்டான்: "சார், கடைசி வெல்டிங்க எந்தப் பக்கம் நின்னு வைக்கட்டும்? அந்தப் பக்கம் நின்னா கூலி வாங்க கால்வாயைச் சுத்தணும். இந்தப் பக்கம் நின்னா வீட்டுக்குப் போகச் சுத்தணும்."

பெரியவன் அவன் முகத்தையே பார்த்தான். "டேய், வெட்டுக்கிளியாடா நீ?" என்றான். "சாருக்கு ஞாபகம் வந்துருச்சே!" என்று அவன் சிரித்தான். அவன் அம்மா கோல் ஊன்றிக்கொண்டு நம் வாசலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்பதே பெரியவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் கேட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, மாட்டு என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்தெருப் பக்கம் போனான். கேட்டுக்குப் பதில் நாலு விளக்குப் போட்டால் போதாதா என்று மருமகள் கேட்கிறாள். இதை நான் சொல்லவில்லை, அவளாகவே எழுதிக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தால் அப்பனுக்கும் பிள்ளைக்கும் சண்டையாகும். நீ ஒன்றுமே சொல்ல வேண்டாம். சனிக்கிழமை வந்துவிடு. ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவருகிறேன் என்பான். கார் ஆகாது, தலை சுற்றுகிறது, நடந்து வந்து பெட்டியைத் தூக்கு என்று சொல். பின்தெரு வழியாகவே வாருங்கள். உன்னைக் கண்டால் வாசலுக்கு வாசல் நிறுத்தி விசாரிப்பார்கள். நின்று நின்று பேசு, அவசரம் ஒன்றுமில்லை. அவனும் கூடவே நிற்கட்டும். பெட்டியைக் கொஞ்சம் கனமாகவே கட்டு.

குட்டிக்கு என் ஆசீர்வாதம். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(கைநாட்டு)