புழு இருந்த பயிற்றங்காய்

அக்கராயன்
11.02.2024

செல்ல மருமகள் தயாளினிக்கு,

மாமா நல்ல சுகம். நீயும் யாழ்ப்பாணக் கம்பஸில் அந்த ஆய்வுகூடத்துக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுறன். ஃபோனில் கதைச்சால் "விசயத்துக்கு வாங்கோ மாமா" எண்டு வெட்டுறாய். அதுதான் பஸ்ஸில் வாற பெட்டிக்குள்ளயே கடிதம். இதை வெட்டேலாது.

உன்ர ஆய்வுக்கு நீ கேட்டபடி கிளிநொச்சிச் சந்தையில் என்ர கடைக் குவியலில் அள்ளின பயிற்றங்காய். கழுவேல்லை. சூப்பர்மார்க்கெட் காய் குளிர்பெட்டிக்குள் நித்திரை கொண்டு விற்றமினை மறந்த காய். என்ர காயைத் திண்ட ஒட்டுசுட்டான் யானை அடுத்தநாள் வேலியை முறிக்காமல் படலையைத் தட்டினது. சாட்சி இருக்கு. எட்டாம் வகுப்போட என்னை மறிச்சிராட்டி உன்ர பேராசிரியர் இப்ப எனக்குக் கீழதான் வேலை.

அன்பு மாமா
சிவராசா

யாழ்ப்பாணம்
04.03.2024

மாமாவுக்கு,

உங்கட பெட்டியை நம்பி, சந்தைக் காயில் பூச்சிமருந்து இல்லை, விற்றமினும் அதிகம் எண்டு பேராசிரியரிட்டைச் சொல்லிப்போட்டன். சனிக்கிழமை சந்தைக்கு வந்தன். நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தனீங்கள். கடைக்கு மேல பலகை: "கம்பஸ் சோதிச்ச காய்". ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?

அந்தக் குவியலில் வாங்கிச் சோதிச்சன். சூப்பர்மார்க்கெட் காயை விட மருந்து கூட. மாமா, நீங்கள் அனுப்பின பெட்டிக்குள் ஒரு புழு உயிரோட நெளிஞ்சது. சந்தைக் குவியலில் ஒரு ஓட்டை இல்லை. எனக்கு வந்தது குசினிக்குப் பின்னால் நீங்கள் மருந்தடிக்காமல் வைச்சிருக்கிற வீட்டுப் பாத்திக் காய். ஓமோ, இல்லையோ? யானைக் கதை வேண்டாம். என்ர ஆய்வு முழுக்கப் பிழைச்சுக் கிடக்கு.

தயாளினி

அக்கராயன்
09.03.2024

மருமகளே,

ஒரு புழுவின்ர சொல்லைக் கேட்டு மாமனைக் கூண்டில ஏத்துறியே! கலியாண வீட்டுக்கு நல்ல உடுப்போட போறதில்லையோ? கம்பஸுக்குப் போற காய் வன்னியின்ர மானம். அதால நல்லதாய்ப் பிடுங்கினன். சந்தையில் ஓட்டை கண்டால் சனம் தொடாது. அடிக்காமல் என்ன செய்ய? ஆர் அடிக்கேல்லை? பலகை போட்ட நாள் தொட்டு வவுனியாவில இருந்தும் சனம் தேடி வருது. அமைச்சர் ஒருத்தரும் ஆள் விட்டு வாங்கினவர், பேர் சொல்லமாட்டன்.

உன்ர அக்காவைப் பற்றிப் பயப்பிடாதை. வயித்தில பிள்ளையோட வாறவளுக்குச் சந்தைக் காய் குடுப்பனோ? ஜெயரூபிக்கு எப்பவும் வீட்டுப் பாத்தியில பிடுங்கி, கடதாசியில் சுத்தித் தனியாய் வைக்கிறனான். மாமனை என்னெண்டு நினைச்சாய்?

சிவராசா

யாழ்ப்பாணம்
13.03.2024

மாமா,

அக்கா கிளினிக்கில் உங்கட பலகையைப் பற்றிப் பெருமையாய்ச் சொல்லியிருக்கிறா. அங்க வாற வயித்துப்பிள்ளைக்காரர் எல்லாம் இப்ப உங்களிட்டைத்தான் வாங்கீனமாம். அவைக்கு எந்தப் பாத்தியில பிடுங்கிக் குடுக்கிறீங்கள்?

தயாளினி

அக்கராயன்
28.03.2024

பிள்ளை தயாளினிக்கு,

உன்ர கடிதம் வந்த பிறகு கடையில் வயித்துப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்து, எங்கட ஜெயரூபி மாதிரியே இடுப்பில கை வைச்சுக்கொண்டு, "கம்பஸ் காய் தாங்கோ அண்ணை" எண்டாள். முடிஞ்சுபோச்சு எண்டன். குவியல் எனக்கும் அவளுக்கும் நடுவில கிடந்தது. என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போனாள்.

பலகையைக் கழட்டிப்போட்டன். சுழல்காத்து தூக்கி இரணைமடுக் குளத்துக்குள் எறிஞ்சதெண்டு சந்தையில் சொல்லியிருக்கிறன். நீ மாத்திச் சொல்லாதை.

இந்தப் பெட்டியில் இருக்கிறது சந்தைக் காய். நேற்று மருந்தடிச்சு இண்டைக்குப் பிடுங்கினது. எல்லாரும் இப்பிடித்தான் பிடுங்குறம். புழு தேடாதை, இருக்காது. உள்ளதை எழுது.

என்ர பேரைப் போடாதை. போடத்தான் வேணுமெண்டால் பெரிய எழுத்தில போடு.

மாமா
சிவராசா