சிவப்புக் கோட்டுக்குக் கீழே

ஏற்காடு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கலாவதிக்கு,

நானும் புவனாவும் உடல்நலத்துடன் இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இரவுப் பணியில் நடுவே சிறிது நேரமாவது உட்கார வேண்டும். செவிலியர் உட்காரக் கூடாது என்று எந்த மருத்துவமனையிலும் விதி இருக்க முடியாது.

தினமும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறவன் கடிதம் எழுதுவானேன் என்று நீ கேட்கலாம். பேசும்போது கைப்பேசி புவனாவின் கையில் இருக்கிறது. பேச்சு முடியும்வரை அவள் அதை விடுவதில்லை. மஸ்கட்டில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று சென்ற வாரம் நீ கேட்டபோதும் அவள் முகம்தான் நம் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஆகவே, ‘நல்லா யோசிச்சுச் செய்’ என்று மட்டும் சொன்னேன். அது பதில் ஆகாது. உன்னுடன் பணிபுரியும் செல்வமேரி விடுமுறை முடிந்து புதன்கிழமை சேலத்திலிருந்து புறப்படுகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டும் என்றாய். அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும்.

கொட்டச்சேட்டில் நம் வீட்டு வேலை முற்றிலும் முடிந்துவிட்டது. வெள்ளையடித்தாயிற்று. நீ விரும்பியபடியே சமையலறை ஜன்னலைக் கிழக்கு நோக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் பெய்த மழையில் பக்கத்து எஸ்டேட்டில் காபி பூத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அந்த வாசனை சமையலறை முழுவதும் நிறைகிறது. வாரம் ஒருமுறை போய்த் திறந்து வைத்துவிட்டு, மாலையில் பூட்டிக்கொண்டு கடைத்தெரு வாடகை வீட்டுக்கே திரும்பிவிடுகிறோம். பால் காய்ச்சாமல் குடியேறுவது முறையல்ல. அடுப்பு மேடையில் உன் கை முதலில் பட வேண்டும் என்பதால் நாள் பார்க்காமல் வைத்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து புவனா தினமும் என்னுடன் பூங்காவுக்கு வருகிறாள். மேலாளர் மகள் என்று எந்தச் சலுகையும் கிடையாது என முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டேன். அவளும் வரிசையில் நின்றுதான் ஊஞ்சல் ஆடுகிறாள். சமவெளியிலிருந்து வரும் குடும்பங்களுக்கு அவளே வழிகாட்டி. மான் பூங்காவுக்கு வெயில் ஏறும் முன்பே போய்விட வேண்டும், சேர்வராயன் கோயில் குகைக்குள் தலையைக் குனிந்துதான் போக வேண்டும், பகோடா பாயின்ட்டில் பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும் என்று பெரியவர்களுக்கே பாடம் நடத்துகிறாள். ஈரோட்டுப் பெண்மணி ஒருவர் அவளிடம், ‘நீ இதையெல்லாம் தெனமும் பாப்பியா கண்ணு? குடுத்து வச்சவ’ என்றாராம். அதற்கு இவள், ‘உள்ளூர்க்காரங்க எங்கீங்க பாக்கறோம், நீங்க வந்துட்டுப் போறதத்தான் பாக்கறோம்’ என்றிருக்கிறாள்.

அதைக் கேட்ட பிறகு என் வார விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் அவளை வெளியே அழைத்துப் போகத் தொடங்கினேன். முதல் வாரம் ஏரியில் மிதிபடகு. லைஃப் ஜாக்கெட்டின் வார்களை நானே இருமுறை சரிபார்த்தேன். அடுத்த வாரம் பகோடா பாயின்ட். அங்கே ஒருவர் எங்கள் இருவரையும் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். புவனா என்னை விட்டு ஓரடி விலகி நின்றாள். அவர், ‘அப்பா பக்கத்துல வா பாப்பா’ என்று இரண்டு முறை சொல்லியும் நகரவில்லை. ‘இல்லீங்க, அது அம்மா எடமுங்க’ என்றாள். அந்தப் படத்தை உனக்கு அனுப்பியிருந்தேன். நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்து, படம் சரியாக எடுக்கப்படவில்லை என்று நீ எழுதியிருந்தாய். சரியாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது.

அவள் ஏறாத ஒன்றே ஒன்று எங்கள் பூங்காவின் குதிரை ராட்டினம். நீ புறப்படுவதற்கு முந்தைய மாலை உனக்கு நினைவிருக்கும். குதிரையில் பிள்ளையை உட்கார வைத்துப் பக்கத்தில் நீ நிற்பதாகப் பேச்சு. நாம் வந்து சேர்ந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்துக் குதிரைகள் ராட்டினத்தை இயக்கும் தனபாலுக்குத் தெரியாதபோது ராட்டினத்தைச் சுழற்றக் கூடாது என்பது விதி. ‘ஏனுங்க, பனிக்குமா ரூலு?’ என்று நீ சிரித்தாய். பனி விலகும் என்று இருட்டும்வரை காத்திருந்தோம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல நமக்கு நாளை இருக்கவில்லை. நீ காது உடைந்த வெள்ளைக் குதிரையைத் தொட்டுக் காட்டி, ‘அம்மா வந்ததும் இதுல ஏத்தி உடறேன் சாமி’ என்று அவளிடம் சொன்னாய்.

இப்போது மற்ற பிள்ளைகள் அந்தக் குதிரையின் அருகில் போனால், ‘அது லீவுல இருக்குது’ என்று சொல்லி அடுத்த குதிரைக்கு அனுப்பிவிடுகிறாள். தனபாலும் அதற்கு உடந்தை. பொதுப் பயன்பாட்டுக்கு உரியதை ஒருவருக்காக ஒதுக்கி வைக்க விதியில் இடமில்லை என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, ‘புது ஊட்ட மட்டும் நீங்க லீவுல வச்சிருக்கறீங்களேப்பா’ என்றாள். தனபால் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. ராட்டின வாசலில் உள்ள இரும்புக் கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு இருப்பதை நீ பார்த்திருப்பாய். குதிரைகள் சிறியவை; அவற்றைத் தாங்கும் தண்டுகளும் மெல்லியவை. எனவே, கோட்டைத் தாண்டி வளர்ந்த பிள்ளைகளை ஏற்றுவதில்லை. நீ போகும்போது புவனாவின் தலை அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. நமக்கு நிறையக் காலம் இருப்பதாக நானும் எண்ணியிருந்தேன்.

கோடை விழாவுக்காக இந்த வாரம் பூங்கா முழுவதற்கும் வண்ணம் பூசுகிறோம். நேற்றுக் காலை பெயின்டர் மூக்கன் கம்பத்துக்கு வந்தார். புவனாவையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘ஏனுங்க சார், ரெண்டு வெரல் மேல இழுத்துட்டா யாருக்குங்க தெரியப் போவுது? நம்ம பாப்பா இன்னொரு வருசம் ஆடிக்கும்ல’ என்றார். நல்ல மனத்துடன்தான் சொன்னார். நான் டேப்பைக் கொண்டுவந்து, பழைய கோடு இருந்த இடத்திலேயே புதிய கோடும் வரும்படி நின்று பார்த்துக்கொண்டேன். ‘நொம்பக் கண்டிசனுங்க நீங்க’ என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டே தூரிகையை எடுத்தார். ஊரார் பிள்ளைகளுக்கு ஒன்று, என் பிள்ளைக்கு ஒன்று என்று கோடு போட எனக்குக் கை வராது. அது உனக்கும் தெரியும்.

மதியம் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரத்தில் புவனா கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். முதலில் நேராக நின்றாள். பிறகு கையைத் தலைக்கு மேல் வைத்துத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகு முழங்கால்களை மெல்ல மடக்கித் தலையைக் கோட்டுக்குக் கீழே இறக்கினாள். இறங்கிய நிலையிலேயே நின்று பழகினாள்.

கோட்டைத் தாண்டிய பெரிய பிள்ளைகள் எங்களை ஏமாற்றச் செய்கிற தந்திரம் அது. அப்படிச் செய்கிற பிள்ளைகளை, ‘நேரா நில்லு’ என்று தினமும் அதட்டுகிறவன் நான். நேற்று அவளை அதட்டாமல் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோடு அப்போது காய்ந்திருக்கவில்லை. மாலையில் தலை வாரிவிடும்போது பார்த்தால், உச்சந்தலை முடியில் சிவப்புச் சாயம். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். தெரியாது என்றாள். பின்னர் அவளாகவே, ‘நான் இன்னும் வளரலீங்கப்பா, நீங்க அம்மாகிட்ட எதும் சொல்லீராதீங்க’ என்றாள். எதற்காக என்று கேட்டதற்கு, ‘குதிரைல ஏற முடியாதுன்னு தெரிஞ்சா அம்மா மெதுவா வந்துக்கலாம்னு இருந்துருவாங்க’ என்றாள். சொல்ல மாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. எனவே சொல்கிறேன். கோட்டைத் தொட்டு நிற்கும்வரை அனுமதி உண்டு. அவள் இப்போது தொட்டு நிற்கிறாள்.

கலாவதி, கோட்டை உயர்த்த எனக்கு உரிமை இல்லை. வளராதே என்று பிள்ளைக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவளுடைய படிப்புக்காக இன்னும் சேர்க்க வேண்டும் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். அது தவறு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மலையில் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போக எத்தனை இடங்கள் இருக்கின்றனவோ, அத்தனை இடங்களிலும் உனக்கென்று ஓர் இடத்தை விட்டுவிட்டுத்தான் நாங்கள் இருவரும் நிற்கிறோம். இருவரும் என்று எழுதியிருப்பதைக் கவனிப்பாய் என்று நினைக்கிறேன். வீட்டுச் சாவியை நான் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சேர்வராயன் உன்னைக் குறையில்லாமல் காக்கட்டும். சாயம் பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தேன். முழுவதும் போகவில்லை, ஒரு சிறு கொத்தில் அப்படியே நிற்கிறது. கத்தரித்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு தனலட்சுமி அக்கா கத்தரிக்கோலுடன் வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடி வளர வளர அந்தச் சிவப்பு தலையை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அது தோளுக்கு இறங்குவதற்குள் நீ வந்து, உன் கையாலேயே கத்தரித்துவிடு.

இப்படிக்கு,
வெள்ளைக் குதிரையையும் புது வீட்டையும் உனக்காகவே வைத்திருக்கும்,
விஜயகுமார்.