சிலாப்புக்கு அடியில் ஒன்றுமில்லை

என் பிள்ளைகளைப் பெற்ற மகராசனுக்கு,

அன்றைக்குப் பின்கட்டில் இருந்தவர்கள்: நான், மருமகள் கவிதா, அவள் பெற்ற இரண்டு வயசுத் தேனு, கொத்தனார் ஏழுமலை. கடைசியாக வந்தவர் உங்கள் தம்பி தனபால். ஒருவரையும் விடவில்லை. எனக்கு மறதி கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

நாம் மூடிய கிணறு நினைவிருக்கிறதா? மண் கொட்டி, மேலே சிலாப் போட்டு, கிணறு மூச்சுவிட ஒரு குழாயை மட்டும் நிறுத்திவைத்தோமே. மொட்டைமாடி மழைத் தண்ணீரைத் தனபால் அந்தக் குழாயில்தான் திருப்பிவிட்டார். அது வருஷா வருஷம் மண்ணை அரித்துக் கீழே இழுத்திருக்கிறது. கோயில் குளம் நிரம்பிய இந்த மழையில் சிலாப் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

ஏழுமலை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு மூலையிலும் செங்கல் கொடுத்து, ரசமட்டம் பார்த்தான். மட்டமாகத்தான் இருந்தது. பிறகு ஓரமாக ஒரு கம்பியை விட்டான். முழுக் கம்பியும் உள்ளே போய்விட்டது.

“ஆயா, அடியில ஒண்ணுமே இல்ல. சும்மா நின்னுக்கினு கீது. நாளைக்குக் கலவ ஊத்தி நெரப்புற வரைக்கும் யாரும் கால் வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, சிமெண்ட் வாங்கப் போனான்.

அந்த நேரம் பார்த்துத் தனபால் வந்தார். தேனுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகச் சிலாப்பின் நடுவில் ஏறி நின்றார்.

“மட்டமா கீதே அண்ணி! இன்னாத்துக்கு பயம்? ஆனையக் கட்டலாம் இதுல.” குதிகாலால் இடித்தும் காட்டினார். கீழே டொம்மென்று கேட்டது.

கத்தினால் குழந்தை துள்ளுமே? உங்கள் காரியத்துக்கு அவர் தாமதமாக வந்த நாள்முதல் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

“தனபாலு, சாமி, திரும்பாத. அப்டியே பின்னாலயே வா.”

ஒரு மூலையில் செங்கல் நொறுங்கியது. அவருக்கும் கேட்டது. காலைத் தேய்த்துத் தேய்த்துப் பின்வாங்கினார். கவிதா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஏழுமலை அந்தக் குழாயைத் தொட்டுக் காட்டினான். “இது வழியாத்தான் ஊத்தணும் ஆயா. மூச்சு அடைஞ்சிடும். பரவால்லியா?”

கிணற்றின் மூச்சை அடைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று குழாய் வைக்கச் சொன்னவளே நான்தானே. அதற்கும் பயம், இதற்கும் பயம். “ஊத்துடா” என்றேன். ஊற்ற ஊற்ற விழுங்கிக்கொண்டே இருந்தது. எதிர்மூலையில் அவன் போட்டுவைத்திருந்த துளையில் கலவை பொங்கி வந்த பிறகுதான் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

இப்போது தட்டினால் கருங்கல் மாதிரிச் சத்தம். தேனு அதன்மேல்தான் ஓடுகிறாள். நான் இன்னும் சுவரை ஒட்டியே நடக்கிறேன். மூச்சில்லாத கிணறு நம்மைச் சும்மா விடுமா? நான் செய்தது தப்பா?

இனி அந்தப் பக்கம் மாடித் தண்ணீர் ஒரு சொட்டு இறங்க விடமாட்டேன். இது சத்தியம். தனபாலுக்கு இப்போதெல்லாம் காபி கொடுக்கிறேன். அவர் நடுங்கியதைப் பார்த்துவிட்டேன், போதும்.

ஆனால் அவர் தண்ணீரைத் திருப்பிய அன்றே, மண்ணை அரிக்கும் என்று நான் சொன்னேன். “ஒனக்கு இன்னா தெரியும், நீ படிச்சியா?” என்று அவர் எதிரிலேயே என்னைக் கேட்டுச் சிரித்தீர்கள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரை இன்றைக்கு எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஒரே ஆள், சுந்தரம்.

உங்கள் பெண்டாட்டி,
சரோஜா
மயிலாப்பூர்